பவர் கார்டை யார் சோதிப்பது?

மண்சட்டி வாங்கப் போகிறவர் யாரும் அதைச் சும்மா எடுத்துக்கொண்டு வந்துவிடுவதில்லை. விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று சத்தம் வந்தால் வாங்குவார். சத்தம் பிசிறடித்தால் எங்கோ கீறல் இருக்கிறது என்று கீழே வைத்துவிடுவார். ஒரு சட்டிக்கு இவ்வளவு சோதனை செய்கிற நாம், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம்.

பிராசஸர் என்ன, ரேம் எத்தனை ஜிபி, மானிட்டர் எத்தனை அங்குலம் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்கிறோம். அடியில் ஒரு பாலிதீன் பையில் கறுப்பு வயர் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்து ஒரு முனையை சிபியூவிலும் மறு முனையைச் சுவரிலும் செருகுகிறோம். ஸ்விட்ச் போட்டதும் கம்ப்யூட்டர் ஓடுகிறது. அதோடு பவர் கார்டின் கதை முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டர் ஓடுவதை வைத்து பவர் கார்டு நல்லது என்று முடிவு செய்ய முடியாது. மோசமான கார்டிலும் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் விற்கும் ஒவ்வொரு கடையிலும் பவர் கார்டை வாடிக்கையாளர் கண் முன்னால் மீட்டர் வைத்துச் சோதித்துக் கொடுக்க வேண்டும், சோதிக்காத கார்டை நாம் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கடைசி ஒன்றரை மீட்டர்

விருத்தாசலத்தைச் செராமிக் நகரம் என்று சொல்கிறோம். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் இங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது. செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிலையமும் இங்கே உண்டு. பொம்மைகள், அகல் விளக்குகள் போன்றவற்றோடு மின்சாரத்துக்கு வேண்டிய பீங்கான் பொருட்களும் இந்த ஊர்ச் சூளைகளில் சுடப்பட்டு வந்திருக்கின்றன. நம் வீட்டு மீட்டர் பலகையில் வெள்ளையாக இருக்குமே, பீஸ் கட்டை, அது இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

மின்சாரப் பொருளுக்குப் பீங்கான் ஏன்? அது மின்சாரத்தைக் கடத்தாது, தீப்பிடிக்காது, உருகாது. ஃபியூஸ் கம்பி எரியும்போது தீப்பொறி பறந்தாலும் பீங்கான் தாங்கும். ஆனால் சரியாகச் சுடப்படாத பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கும். அதில் ஈரம் இறங்கினால் மின்சாரம் கசியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. மின்கம்பத்து இன்சுலேட்டர்களில் ஒன்றை எடுத்து உடைப்பார்கள். அந்தத் துண்டுகளைச் சிவப்புச் சாயத்தில் போட்டு, மிக அதிக அழுத்தத்தில் பல மணி நேரம் வைப்பார்கள். பிறகு மீண்டும் உடைத்துப் பார்ப்பார்கள். சாயம் உள்ளே இறங்கியிருந்தால் அந்தப் பீங்கான் தேறாது. வெளியில் மெருகு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கணக்கில் வராது.

மின் உற்பத்தி நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுச் சாக்கெட் வரை மின்சாரம் வரும் பாதையை யோசித்துப் பாருங்கள். மின்கம்பத்து இன்சுலேட்டருக்குச் சோதனை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குச் சோதனை இருக்கிறது. மீட்டருக்கு மின்வாரியத்தின் சீல் இருக்கிறது. வீட்டு வயரிங்குக்கு எலக்ட்ரீஷியன் பொறுப்பு. கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதைத் தயாரித்த கம்பெனி பொறுப்பு. இடையில் இருக்கும் அந்தக் கடைசி ஒன்றரை மீட்டர் வயருக்கு யார் பொறுப்பு? கம்பெனிப் பெட்டியில் வந்த கார்டு என்றால் கம்பெனியைக் கேட்கலாம். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டராக இருந்தாலோ, பழையது போய்ப் புதிதாக வாங்கிய கார்டாக இருந்தாலோ, பெரும்பாலும் யாருமே பொறுப்பில்லை. நம் கை தினமும் படும் இடமும் அதுதான்.

மூன்றாவது கம்பி

பவர் கார்டின் உள்ளே மூன்று கம்பிகள் இருக்க வேண்டும். பழுப்பு நிறம் லைன். நீல நிறம் நியூட்ரல். பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். கம்ப்யூட்டர் ஓடுவதற்கு முதல் இரண்டும் போதும். மூன்றாவது கம்பி உங்கள் உயிருக்காக இருப்பது. அது இல்லாவிட்டாலும் விண்டோஸ் திறக்கும், பாட்டுக் கேட்கும், பிரிண்ட் வரும். அதனால்தான் மலிவான கார்டு தயாரிப்பவர் தாமிரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் முதலில் கை வைப்பது இந்த மூன்றாவது கம்பியில். பிளக்கில் மூன்று பின் இருக்கும். மறு முனையில் மூன்று ஓட்டை இருக்கும். நடுவில் வயருக்குள் இரண்டு கம்பிதான் ஓடும். மொத்தமும் ரப்பர் போல வார்த்து மூடியிருப்பதால் பிரித்துப் பார்க்கவும் முடியாது.

சிபியூவின் பின்பக்கத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏதோ ஊர்வது போல இருக்கிறது என்று கம்ப்யூட்டர் வாங்கிய பலர் சொல்வார்கள். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். சர்வீஸுக்கு வருகிறவர், "கம்ப்யூட்டர்னா அப்படித்தான் இருக்கும் சார், செருப்புப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இது தவறான பதில்.

உண்மையில் நடப்பது இது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் மின் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. லைனிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்று. இவற்றின் வழியாக ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கும் குறைவான மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். எர்த் கம்பி இருந்தால் அது தரைக்குப் போய்விடும், நமக்குத் தெரியாது. எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட் வரை கேபினெட்டில் காட்டும். மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் அது சுர்ரென்று இருப்பதோடு நின்றுவிடுகிறது.

இந்தச் சுர்ருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். "எர்த் வேலை செய்யவில்லை" என்று கம்ப்யூட்டர் நமக்குச் சொல்லும் அறிவிப்பு அது. நாளைக்கு எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே லைன் கம்பி விடுபட்டு கேபினெட்டில் பட்டுவிட்டால், அதே இடத்தில் முழு 230 வோல்ட் நிற்கும். அப்போது சுர்ரோடு முடியாது. வெறும் காலோடு சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு பென்டிரைவ் செருக வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

பீஸ் கட்டை காப்பாற்றாதா?

"வீட்டில் ஃபியூஸ் இருக்கிறது, ஷாக் அடித்தால் பீஸ் போய்விடும்" என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு தவறு என்று புரியும்.

ஒரு மனித உடலின் மின் தடை சுமார் 1,500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் உள்ள கேபினெட்டைத் தொட்டால் உடல் வழியாகச் சுமார் 0.15 ஆம்பியர், அதாவது 150 மில்லி ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க இது போதும். ஆனால் ஃபியூஸ் கம்பி எரிய 5 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 150 மில்லி ஆம்பியர் போனது ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது. ஃபியூஸ் வயரைக் காப்பாற்றப் பிறந்தது. மனிதனைக் காப்பாற்ற அதற்கு எர்த் கம்பியின் துணை வேண்டும்.

எர்த் கம்பி இருந்தால் என்ன ஆகும்? லைன் கேபினெட்டில் பட்ட உடனே மின்சாரம் எர்த் வழியாகப் பாயும். எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் வரை பாய முயலும். பீஸ் கட்டையில் உள்ள கம்பி பட்டென்று எரிந்துவிடும். யாரும் தொடுவதற்கு முன்பே லைன் துண்டிக்கப்படும். பீங்கான் கட்டைக்கும் பவர் கார்டுக்கும் உள்ள உறவு இதுதான். கார்டில் மூன்றாவது கம்பி இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல சூளையில் சுட்ட பீஸ் கட்டையும் சும்மா வேடிக்கை பார்க்கும்.

அதிலும் நாம் செய்யும் ஒரு வேலை இருக்கிறது. பீஸ் அடிக்கடி போகிறது என்று 5 ஆம்பியர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கையில் கிடைத்த வயரிலிருந்து நாலு இழைகளை முறுக்கிப் போட்டுவிடுகிறோம். 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். பீஸ் கட்டையில் தடித்த கம்பி போட்டுவிட்டால், வீட்டில் எது மெல்லிய வயரோ அதுவே ஃபியூஸாகிவிடும். பெரும்பாலும் அது பவர் கார்டாகத்தான் இருக்கும். மீட்டர் பலகையில் எரிய வேண்டியது உங்கள் கம்ப்யூட்டர் மேசையின் அடியில் எரியும்.

பரிசோதனைக் கூடத்தில் என்ன செய்கிறார்கள்?

பவர் கார்டுக்குச் சோதனையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டில் பிவிசி வயர்களுக்கு ஐஎஸ் 694 என்ற தரம் இருக்கிறது. பிளக், சாக்கெட்டுகளுக்கு ஐஎஸ் 1293 இருக்கிறது. 2003-இல் மத்திய அரசு கொண்டுவந்த தரக் கட்டுப்பாட்டு உத்தரவு, வீட்டு வயர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது. சிபியூவில் செருகும் அந்த மூன்று ஓட்டை முனைக்கு ஐஇசி 60320 என்ற சர்வதேசத் தரம் உண்டு. அதில் அதன் பெயர் சி13. அதன் அளவு 10 ஆம்பியர்.

நேர்மையான தயாரிப்பாளரின் கார்டு என்னென்ன சோதனைகளைத் தாண்டி வருகிறது தெரியுமா?

முதலில் வளைப்புச் சோதனை. பிளக்கை ஒரு இயந்திரத்தில் பொருத்தி, வயரில் எடை கட்டித் தொங்கவிட்டு, இப்படியும் அப்படியுமாக ஆட்டுவார்கள். பிளக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60884 கேட்பது 10,000 வளைப்புகள். நிமிடத்துக்கு 60 என்ற கணக்கில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆட்டம் நடக்கும். அந்த நேரம் முழுவதும் வயரில் மின்சாரம் ஓடும். ஒரு கணம் கூட அது அறுபடக் கூடாது. கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டவும் கூடாது.

அடுத்தது இழுப்புச் சோதனை. பிளக்கிலிருந்து வயரை நூறு முறை இழுப்பார்கள். வயர் 2 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்து வெளியே வந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் பிளக்கைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுக்கிறோமே, அதற்கான சோதனை இது.

மூன்றாவது மின் சோதனை. 500 வோல்ட் டிசி கொடுத்து இன்சுலேஷன் தடையை அளப்பார்கள். அது 5 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பிறகு 2,000 வோல்ட்டை ஒரு நிமிடம் கொடுப்பார்கள். 230 வோல்ட்டுக்குத்தானே வாங்குகிறோம், ஏன் 2,000? இடி மின்னல் நேரத்திலும், லைனில் திடீரென்று வரும் ஏற்றத்திலும் தாங்க வேண்டும் என்பதற்காக.

இவை தவிர, வயரின் பிவிசி உறையை 80 டிகிரி வெப்பத்தில் ஏழு நாட்கள் வைத்து, அது விறைத்து வெடிக்கிறதா என்று பார்ப்பார்கள். நெருப்புக் காட்டி எடுத்தால் தானாக அணைகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இவ்வளவையும் நீங்களோ கடைக்காரரோ செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். இந்தச் சோதனைகளைத் தாண்டியது என்பதற்கான அடையாளம் கார்டின் மேலேயே அச்சாகி இருக்க வேண்டும். பெயரோ, முத்திரையோ, தரத்தின் எண்ணோ எதுவுமே இல்லாத கார்டு எந்தச் சோதனையையும் தாண்டியது என்று நம்ப உங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை

"பெரிய கம்பெனிக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன், எனக்கு இந்தக் கவலை இல்லை" என்று சொல்பவர்களுக்கு மூன்று சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

2005 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிகளின் பவர் கார்டுகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. எண்ணிக்கை 1 கோடியே 41 லட்சம்.

2014 ஆகஸ்டில் எச்பி நிறுவனம், 2010 செப்டம்பர் முதல் 2012 ஜூன் வரை லேப்டாப்களுடன் கொடுத்த எல்எஸ்-15 என்ற பவர் கார்டைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் சுமார் 60 லட்சம் கார்டுகள். சூடாகி உருகியதாக, கருகியதாக 29 புகார்கள் வந்திருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் லெனோவாவும் தன் லேப்டாப்களுடன் கொடுத்த எல்எஸ்-15 கார்டுகளைத் திரும்பப் பெற்றது.

2016-இல் மறுபடியும் மைக்ரோசாஃப்ட். இந்த முறை சர்ஃபேஸ் புரோ. வயரை இறுக்கமாகச் சுற்றி வைத்தாலோ, நாள்பட மடக்கி அழுத்தி வைத்தாலோ உள்ளே பழுதாகிச் சூடாகலாம் என்பது காரணம். அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்டுகள்.

இந்தச் சம்பவங்களிலிருந்து இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்ளலாம். ஒன்று, தயாரிக்கும்போது செய்த சோதனை மட்டும் ஆயுளுக்கும் போதாது. பயன்படுத்தும்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியமானது. அந்தக் கார்டுகளைத் திரும்பப் பெற முடிந்ததற்குக் காரணம், அவற்றின் மேல் ஒரு பெயர் இருந்தது. எல்எஸ்-15 என்று முனையிலேயே வார்த்திருந்தார்கள். வீட்டில் இருந்தபடியே எடுத்துப் பார்த்து "இது நம்முடையதுதான்" என்று தெரிந்துகொள்ள முடிந்தது. பெயரே இல்லாத கார்டில் கோளாறு என்று நாளை தெரியவந்தால், யார் அறிவிப்பார்கள்? எதைத் திரும்பப் பெறுவார்கள்?

கடைக்காரர் சொல்லும் பதில்கள்

கார்டைச் சோதித்துக் கொடுங்கள் என்று கேட்டால் சில பதில்கள் வரும்.

"அது ஃப்ரீயா குடுக்கறது சார்." இலவசமாகக் கொடுத்தாலும் 230 வோல்ட் அதில்தான் ஓடுகிறது. மொத்தக் கம்ப்யூட்டரின் விலையில் நல்ல கார்டின் விலை மிகச் சிறிய பங்கு. இந்த மிச்சத்துக்காக இவ்வளவு ஆபத்தா? நல்ல கார்டுக்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொள்ளட்டும், தவறே இல்லை.

"எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கோம், ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லை." எர்த் கம்பி இல்லாத கார்டிலிருந்து புகார் வராது. கம்ப்யூட்டர்தான் நன்றாக ஓடுகிறதே! புகார் சொல்லும் வேலையை அந்தச் சுர் செய்துகொண்டிருக்கிறது. அதைத்தான் செருப்புப் போட்டு அடக்கிவிடுகிறோம்.

"உங்க வீட்டுச் சாக்கெட்ல எர்த் இருக்கான்னு முதல்ல பாருங்க." இது நியாயமான கேள்வி. பல வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எர்த் குழி இருந்தாலும் பல வருடம் தண்ணீர் காணாமல் காய்ந்து கிடக்கும். அதன் தடை 50 ஓமாக ஏறிவிட்டால் 5 ஆம்பியர் கூடப் பாயாது, பீஸும் போகாது. ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிப்பதும், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுவதும் அவசியம். லைனில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் அது கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆனால் வீட்டில் எர்த் சரியில்லை என்பது, கடையில் எர்த் இல்லாத கார்டு கொடுப்பதற்குச் சமாதானம் ஆகாது. வீட்டு எர்த்தை நாம் சரிசெய்துகொள்ளலாம். வார்த்து மூடிய கார்டுக்குள் கம்பியை நாம் நுழைக்க முடியாது.

கடையிலேயே ஒரு நிமிடம்

இனி செய்ய வேண்டியதற்கு வருவோம். எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் மல்டிமீட்டர் இருக்கும். அதை "பீப்" சத்தம் வரும் நிலையில் வைக்கச் சொல்லுங்கள். கார்டு எதிலும் செருகப்படாமல் தனியாக இருக்க வேண்டும்.

1. பிளக்கின் பெரிய பின்தான் எர்த். மறு முனையில் மற்ற இரண்டின் வரிசையிலிருந்து தள்ளி நடுவில் இருக்கும் ஓட்டை எர்த். இரண்டிலும் மீட்டர் முனைகளை வைத்தால் பீப் வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தக் கார்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே பார்க்க ஒன்றுமில்லை.

2. மற்ற இரண்டு பின்களுக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஓட்டையில்தான் பீப் வர வேண்டும்.

3. பிளக்கின் மூன்று பின்களில் எந்த இரண்டுக்கும் நடுவில் பீப் வரக் கூடாது.

4. எர்த்தில் பீப் வந்துகொண்டிருக்கும்போதே, பிளக் அருகிலும் மறு முனை அருகிலும் வயரை மெதுவாக நாலு பக்கமும் வளைக்கச் சொல்லுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. லைன், நியூட்ரலுக்கும் இதே போலச் செய்யலாம். பரிசோதனைக் கூடத்தின் 10,000 வளைப்புகளுக்கு இது ஈடாகாது. ஆனால் ஏற்கெனவே அறுந்ததைக் காட்டிக்கொடுத்துவிடும்.

5. கார்டின் மேல் உள்ள அச்சைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், ஐஎஸ்ஐ முத்திரை, 3 × 0.75 சதுர மில்லிமீட்டர் என்பது போன்ற அளவு இருக்க வேண்டும். முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் என்ற மொபைல் ஆப்பில் போட்டால் அது யாருடைய லைசென்ஸ், இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும்.

6. ஒரு சிறு காந்தத்தை பிளக் பின்களிலும் வயரிலும் ஒட்டிப் பாருங்கள். பித்தளையும் தாமிரமும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது.

மீட்டர் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள 24 இழைகள் இருக்கும். அதில் 23 அறுந்து ஒன்று மிஞ்சினாலும் மீட்டர் பீப் என்றுதான் சொல்லும். அதனால்தான் மீட்டர், முத்திரை இரண்டுமே வேண்டும் என்கிறேன். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

லேப்டாப் வாங்கியவர்கள் கவனத்துக்கு: அடாப்டர் வேறு, சுவருக்குப் போகும் வயர் வேறு. அடாப்டருக்கு, கட்டாயப் பதிவு உத்தரவின்படி, "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். வயருக்கு மேலே சொன்னவை பொருந்தும். இரண்டே பின் உள்ள அடாப்டர் என்றால் பயப்பட வேண்டாம். அதில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இரட்டை இன்சுலேஷன் செய்யப்பட்டது, எர்த் தேவையில்லை.

வீட்டில் செய்யக் கூடாதவை

நல்ல கார்டையும் நாமே கெடுத்துவிடுகிறோம். மேசையைச் சுவரோடு அழுத்தித் தள்ளி பிளக்கின் கழுத்தை ஒடிக்கிறோம். மீதி வயரை இறுக்கிச் சுற்றி ரப்பர் பேண்டு போடுகிறோம். இரண்டு ஓட்டை சாக்கெட்டில் நுழைவதற்காக எர்த் பின்னை வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பின் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதற்குக் காரணமே, செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், எடுக்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதுதான்.

இன்னொரு பழக்கம், கம்ப்யூட்டர் கார்டை ரைஸ் குக்கருக்குப் போடுவது. பல குக்கர்களில் அதே முனை பொருந்துவதால் சமையலறையில் கார்டு போனால் கம்ப்யூட்டர் கார்டு அங்கே போய்விடுகிறது. கம்ப்யூட்டர் சுமார் 1 ஆம்பியர் எடுத்தால் 700 வாட்ஸ் குக்கர் 3 ஆம்பியர் எடுக்கும். வயரில் உண்டாகும் சூடு 3 மடங்கு ஆகாது, 9 மடங்கு ஆகும். கம்ப்யூட்டரில் அமைதியாக இருந்த மெல்லிய வயர் குக்கரில் தன் சுயரூபத்தைக் காட்டும். சமையலறைக்குத் தனிக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, ஈரமில்லாத கையால் பிளக்கையும் மறு முனையையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கவே கூடாது. சூடு, கருகல் வாசனை, பழுப்பு நிறம், எலி கடித்த தடம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தக் கார்டுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டாதீர்கள். இரண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

கடைகள் முன்வர வேண்டும்

கடைசியாக, கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள். பில்லில் பிராசஸர், மதர்போர்டு பெயரெல்லாம் எழுதுகிறீர்கள். பவர் கார்டின் பெயரையும், "எர்த் சோதிக்கப்பட்டது" என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு நிமிட வேலை. அதை எழுதித் தரும் கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

பாலிடெக்னிக்குகளும் ஐடிஐக்களும் இதில் உதவலாம். வருடத்தில் ஒரு நாள் பொதுமக்கள் தங்கள் பவர் கார்டுகளைக் கொண்டுவந்து சோதித்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் மாணவர்களுக்கும் அது நல்ல பயிற்சி. மின்சாரப் பீங்கானும் செராமிக் படிப்பும் உள்ள விருத்தாசலம் போன்ற ஊர் இதைத் தொடங்கினால் பொருத்தமாக இருக்கும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் சேர்க்கிறோம். அதற்கு முதல் நாள் பவர் கார்டைக் கழற்றி, தூசி தட்டி, மேலே சொன்னபடி மீட்டர் வைத்துப் பாருங்கள். சின்ன மல்டிமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூன்று கம்பியும் பதில் சொன்னால் கார்டைத் திரும்பச் செருகுங்கள். எர்த் பதில் சொல்லவில்லையென்றால், அன்றைக்கே புதுக் கார்டு வாங்கும் வரை கம்ப்யூட்டருக்கு விடுமுறை கொடுங்கள்.